பாவாயம்மாவின் ஜீப்பும் உசேன் பாயின் ஒரே பொய்யும்

இப்போது மெக்கானிக் தம்பிகள் வண்டிக்கு ஒரு வயரைச் சொருகுகிறார்கள். கையிலிருக்கும் பெட்டியில் எழுத்து ஓடுகிறது. எங்கே வலிக்கிறது என்று வண்டியே சொல்லிவிடுகிறது. நாமக்கல்லில் ஒரு பட்டறைக்குச் சும்மா போயிருந்தபோது அந்தப் பெட்டியை என்னிடம் காட்டி, "இதெல்லாம் இல்லாம நீங்க எப்பிடீங்க கண்டுபுடிச்சீங்க?" என்று கேட்டார்கள்.

"கண்டுபுடிச்சோம்னு உங்களுக்கு யாரு சொன்னா?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள் போல. நான் உள்ளதைத்தான் சொன்னேன். "இதையே எழுதிக் குடுங்கண்ணா, நம்ம மெக்கானிக் சங்க மலர்ல போட்டுர்றோம்" என்றார்கள். ஓய்வு பெற்றவனிடம் எழுதச் சொல்லிக் கேட்பது, பசியோடு இருப்பவனிடம் பந்தியில் உட்காரச் சொல்வது மாதிரி. உட்கார்ந்துவிட்டேன்.

தொழில் கற்ற காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சேலத்தில் ஒரு லாரிப் பட்டறையில் முதலில் நட்டு கழற்றினேன், பிறகு மாட்டினேன். கழற்றியதை விட மாட்டியது எப்போதும் ஒன்றிரண்டு குறைவாகவே இருக்கும். மிச்சமான நட்டுகளை ஒரு டால்டா டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். டப்பா நிறைந்த அன்று என்னை வேறு இடம் பார்க்கச் சொன்னார்கள். அப்படித்தான் எழுபதுகளின் பின்பாதியில் புதுச்சத்திரத்தில், ரோட்டோரமாக இருந்த உசேன் பாயின் பட்டறைக்கு வந்து சேர்ந்தேன்.

உசேன் பாய் ஒல்லியான மனிதர். எப்போதும் வெள்ளைச் சட்டைதான். கிரீஸுக்கு நடுவில் வெள்ளைச் சட்டை போடுகிறவருக்கு ஒன்று திமிர் இருக்க வேண்டும், இல்லை வேலை தெரிந்திருக்க வேண்டும். பாய்க்கு வேலை தெரியும். வண்டி வந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். வண்டிக்காரரிடம் மூன்றே கேள்வி கேட்பார். "எப்ப நிக்குது? எங்க நிக்குது? நிக்கறதுக்கு முன்னால என்ன பண்ணுது?" பதிலைக் கேட்டுவிட்டு, "பாக்கலாம்" என்பார். சரி செய்து முடித்த பிறகும் "பாக்கலாம்"தான். அவர் வாயிலிருந்து "சரியாயிருச்சு" என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை.

அவருக்கு ஒரு கட்டளை உண்டு. எந்த வண்டி வந்தாலும் முதலில் கழுவ வேண்டும். மேலே தண்ணீர், அடியில் மண்ணெண்ணெய். "அழுக்கு வண்டியில ஒழுகறது தெரியாது, விரிசல் தெரியாது. மொதல்ல மூஞ்சியக் கழுவு, அப்பறம் சீக்கப் பாரு." கழுவுவது என் வேலை. அதை நான் மிக நன்றாகச் செய்வேன். மற்ற வேலைகளில் எனக்கிருந்த குறையையெல்லாம் கழுவுவதில் தீர்த்துக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம். அந்தத் திறமைதான் கடைசியில் எங்கள் இருவரையும் கவிழ்த்தது.

பாயிடம் எனக்கிருந்த ஒரே மனக்குறை, அவர் சிரிக்க மாட்டார் என்பது. நான் பேசினால் டீக்கடையே சிரிக்கும். லோடு லாரி டிரைவர்கள் என் பேச்சுக்காகவே டயரில் காற்றுப் பார்க்க வருவார்கள். பாய் மட்டும் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி முனையில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு வேலையைப் பார்ப்பார்.

பாவாயம்மா ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்தது ஒரு வைகாசியில். வந்ததை நாங்கள் பார்ப்பதற்கு முன்னால் கேட்டோம். ரோட்டிலிருந்து பட்டறைக்குள் இடது பக்கம் வளைந்ததும் ஹாரன் தானாக அடித்துக்கொண்டே வந்தது. உள்ளே, புடவைக் கொசுவத்தை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா ஓட்டிக்கொண்டிருந்தார். ஸ்டீயரிங்கை ஏர்க்கலப்பை மேழி மாதிரி அழுத்திப் பிடித்திருந்தார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் ஒரு பொம்பளை ஜீப் ஓட்டி வந்தால் டீக்கடையில் டீ ஆறும். அன்று எல்லா டம்ளரும் ஆறின.

மோகனூர் பக்கம் ஒரு ஊரில் அவருக்கு நிலம். வீடும் மேட்டுக்காடும் ஒரு பக்கம். ஆற்றோரக் கரும்பும் வாழையும் இன்னொரு பக்கம். நடுவில் கல்லும் குழியுமாக வண்டித்தடம், ஒரு வாய்க்கால் பாலம். வீட்டுக்காரர் தவறிய பிறகு பண்ணையத்தை அவரே பார்த்தார். நடந்து மாளவில்லை என்று, கொல்லிமலையில் காபித் தோட்டம் வைத்திருந்த ஒருவரிடமிருந்து இந்தப் பழைய பெட்ரோல் ஜீப்பை வாங்கி, தானே ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார்.

"என்னங்கம்மா பண்ணுது?" என்றார் பாய்.

"என்ன பண்ணலீன்னு கேளுங்க பாய்."

அவர் சொல்லச் சொல்ல எனக்கு அந்த ஜீப்பின் மேல் ஆசை வந்துவிட்டது. அது வண்டியில்லை, ஒரு குணச்சித்திரம். லைட்டைப் போட்டால் பெட்ரோல் முள் ஏறும், அணைத்தால் இறங்கும். "ராத்திரியானா பெட்ரோல் ஊறுது தம்பி, கெணறாட்டம்" என்றார் அம்மா. இரண்டாவது கியர் மேட்டில் தானாகக் கழன்றுகொள்ளும். அதற்குச் சைக்கிள் டியூப்பை வெட்டி இழுத்துக் கட்டியிருந்தார். கொஞ்சம் வேகம் பிடித்தால் முன்சக்கரம் இரண்டும் 'மாட்டேன் மாட்டேன்' என்று தலையாட்டும்.

இதெல்லாம் எங்களுக்குச் சின்ன விஷயம். முள்ளுக்கு எர்த் வயர் துருப்பிடித்திருந்தது. சுரண்டி மாட்டியதும் கிணறு வற்றியது. கியருக்கு உள்ளே ஒரு ஸ்பிரிங் செத்துப்போயிருந்தது. தலையாட்டத்துக்குச் சக்கரத்துப் புஷ்ஷை மாற்றினோம். ஹாரனுக்கு, ஸ்டீயரிங் தண்டுக்குள் போகும் வயரின் மேல்தோல் தேய்ந்து, இடது பக்கம் திருப்பும்போது மட்டும் இரும்பைத் தொட்டது. அதைச் சுற்றி டேப் ஒட்ட நான் குனிந்தபோதுதான் அம்மா பதறினார்.

"ஐயோ, அத ஒன்னும் பண்ணீராத சாமி! எங்கூரு மாரியாத்தா கோயிலு எடதுகைப் பக்கம் வளைவுலதான் இருக்குது. ஒவ்வொருக்காவும் வண்டி தானா ஆத்தாளக் கும்புட்டுட்டுப் போகுதுன்னு ஊரே சொல்லுது."

நான் பாயைப் பார்த்தேன். கோளாறை அப்படியே வைத்திரு என்று ஒரு வண்டிக்காரர் கேட்டு அவரும் பார்த்ததில்லை. கண்ணாடியைத் துடைத்தார். "உட்ருப்பா. அது அடிச்சா யாருக்கு என்ன?" என்றார்.

பெரிய விஷயம் கடைசியில் வந்தது. ஜீப் நடுவழியில் நின்றுவிடுகிறது. இருமும், திணறும், நிற்கும். அப்புறம் எதை அமுக்கினாலும் எடுக்காது. அரை மணி, ஒரு மணி கழித்து ஒன்றும் நடக்காதது போலக் கிளம்பிவிடும். அநேகமாக வாய்க்கால் பாலத்தை ஒட்டித்தான் நிற்கும். பாலத்தில் காத்துக் கருப்பு இருக்கிறது என்று ஊரில் பேச்சு.

"எப்ப நிக்குது?"

"வெள்ளி, சனியில சாஸ்திங்க. புதன், வியாழன்ல அவ்வளவா இல்லைங்க."

பாய்க்கு முதல் முறையாக நெற்றி சுருங்கியது. கிழமை பார்த்து நிற்கும் வண்டியை அவர் அறியார்.

அம்மா குரலைத் தாழ்த்தினார். "பாய், என்ற கொழுந்தனாரு சின்னப்பன், 'நங்கையாளுக்கு எதுக்கு ஜீப்பு, பண்ணையத்த எங்கிட்டக் குத்தகைக்கு உட்டுட்டு மவ ஊட்டுல போயி உக்காரட்டும்'னு ஊரெல்லாம் சொல்லீட்டுத் திரியறாரு. நானும் ரோசத்துல, ஆடி பதினெட்டுக்குள்ள வண்டி நிக்காம ஓடலீன்னா அப்பிடியே பண்ணிக்கறேன்னு நாலு பேரு முன்னால சொல்லிப்போட்டேன். சொல்லீருக்கக் கூடாது. சொல்லிப்போட்டேன்."

"பாக்கலாம்" என்றார் பாய்.

நாங்கள் பார்த்தோம். நான் முதலில் வண்டியைப் பளபளவென்று கழுவினேன். பாய் கார்ப்பரேட்டரைப் பிரித்து ஊதினார். குச்சி விட்டுப் பெட்ரோல் பார்த்துக்கொண்டு சேலம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். குதிரை மாதிரி போனது. அம்மா சந்தோஷமாகக் கொண்டுபோனார். அந்த வெள்ளிக்கிழமை பாலத்தில் நின்றது.

மறுபடி வந்தது. மறுபடி கழுவினேன். பெட்ரோல் பம்ப்பின் டயாப்ரம் மாற்றினோம். குதிரை. வெள்ளிக்கிழமை பாலம். சூட்டில் காயில் செத்துப்போகிறதோ என்று காயிலை மாற்றினோம், கண்டென்ஸரை மாற்றினோம், பெட்ரோல் குழாயை முழுக்க மாற்றினோம். எங்களிடம் வந்தால் அதைவிட நல்ல வண்டி உலகத்தில் இல்லை. மாமியார் வீட்டில் ஆடி, அம்மா வீட்டில் அடங்கும் புதுப்பெண் போல இருந்தது அதன் நடத்தை. பாய் மலைக்குப் போகும் ஒரு டிரைவரிடம் சொல்லி, ஜீப்பை விற்ற காபித் தோட்டக்காரரிடமும் கேட்டுவரச் சொன்னார். "எங்கிட்ட ஒரு நாளும் நின்னதில்லையே" என்று பதில் வந்தது. ஆனி பாதி ஓடிவிட்டது. இதற்குள் வண்டி செவ்வாய்க்கிழமையும் நிற்கத் தொடங்கியிருந்தது.

ஒரு வியாழக்கிழமை பாய் என்னைக் கூப்பிட்டார். "நீ அங்க போயி அந்த வண்டியோடயே இரு. அது நிக்கறப்ப நம்ம ஆளு ஒருத்தன் பக்கத்துல இருக்கோணும்."

"நானுங்களா பாய்?"

"வேற யாரும் சும்மா இல்ல."

போனேன். அம்மா வீட்டு அரிசிம்பருப்புச் சோற்றைப் பற்றித் தனிக்கட்டுரை எழுதலாம். சங்கத்தார் போட மாட்டார்கள். வெள்ளிக்கிழமை காலையில் வண்டிக்குப் பூசை. அம்மா குளித்துவிட்டு, சந்தனக் கிண்ணத்தோடு ஜீப்பைச் சுற்றி வந்தார். பானெட்டுக்கு ஒரு பொட்டு, இரண்டு லைட்டுக்கும் பொட்டு, சக்கரத்துக்குப் பொட்டு. வண்டி நிற்பது தீராததால், ஆனி பிறந்ததிலிருந்து கண்ணேறு போகட்டும் என்று செவ்வாய்க்கிழமையும் பூசை போடுவதாகச் சொன்னார். பாதியில் அடுப்படியிலிருந்து யாரோ கூப்பிட, கிண்ணத்தை என்னிடம் கொடுத்தார்.

"சாமி, அந்தப் பெட்ரோல் மூடி ஒன்னுதான் பாக்கி. நல்லாப் பெருசா வெய்யி. அதுதானே வண்டிக்கு வாயி? சோறு திங்கற வாய்க்குப் பொட்டு வேண்டாமா?"

டிரைவர் சீட்டுக்கு வெளியே, பக்கவாட்டில் இருந்தது மூடி. ஏற்கெனவே பழைய பொட்டு அப்பி அப்பித் தோசை மாதிரி இருந்தது. அதன் மேல் நான் என் பங்குக்கு ஒரு ரூபாய் அகலத்தில் வைத்து, நடுவில் குங்குமம் இட்டு, தள்ளி நின்று அழகு பார்த்தேன். லட்சணமாகத்தான் இருந்தது.

கிளம்பினோம். கோயில் வளைவில் ஜீப் மாரியாத்தாளைக் கும்பிட்டது. பாலத்தை நெருங்கும்போது இருமியது. திணறியது. நின்றது.

அந்த நேரம் பார்த்துச் சைக்கிளில் சின்னப்பன் வந்தார். திடகாத்திரமான ஆள், சத்தமான குரல். ஒரு காலை ஊன்றி நின்று அண்ணியைக் கூப்பிட்டார்.

"என்னுங் நங்கையா, நின்னு போச்சாட்டருக்குது?"

"நெழலுக்கு நிறுத்தியிருக்கறேன்."

"நெழலயே காணமுங்களே! ஏப்பா மெக்கானிக், நீ வண்டிய ரிப்பேரு பண்ண வந்தயா, வண்டி உன்ன ரிப்பேரு பண்ணுதா?"

அது நல்ல கேள்வி. நானே அடிக்கடி கேட்டுக்கொண்டதுதான். அவர் சிரித்துக்கொண்டே போன பிறகு அம்மா ஸ்டீயரிங்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "பொளுது உடிஞ்சா கரும்புக்காட்டுக்குப் போவோம்னுதான் எந்திரிக்கறேன். மவ ஊட்டுல எந்திரிச்சு எங்க போறது?" என்றார். என்னிடம் கேட்டது போலவும் இருந்தது, வண்டியிடம் கேட்டது போலவும் இருந்தது.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒன்றும் தெரியாதபோது பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பது என் வழக்கம். பார்க்கிற மாதிரி இருக்கும். பம்ப்பின் மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டு மூடியைத் திருகினேன். 'உஸ்ஸ்ஸ்' என்றது.

"அம்மா, வண்டியே பெருமூச்சு உடுதுங்க. உங்க கொழுந்தனாரப் பாத்து அதுக்கே சலிச்சுப்போச்சு" என்றேன்.

அம்மா அவ்வளவு கவலையிலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்த கையோடு ஸ்டார்ட்டரை மிதித்தார். ஜீப் கிளம்பிவிட்டது.

ஈரத்துணிதான் காரணம் என்று முடிவு கட்டிக்கொண்டு பட்டறைக்குத் திரும்பினேன். பாய் டீ குடித்துக்கொண்டிருந்தார். வெயில், பம்ப் சூடு, குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகும் விதம் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். அவர் முகம் மாறவில்லை. போகட்டும், சிரிக்கவாவது வைக்கலாம் என்று பெருமூச்சு விஷயத்தையும் சொன்னேன்.

டம்ளர் பாதி வழியில் நின்றது.

"திருப்பிச் சொல்லு."

"பம்ப்பு சூடாகி..."

"அதில்ல. அந்தக் கிண்டலு."

வாழ்நாளில் முதல் முறையாக பாய் என் நகைச்சுவையை இரண்டாம் தடவை கேட்டார். ஆசையோடு சொன்னேன், 'உஸ்' சத்தத்தை நன்றாக இழுத்து.

"காத்து வெளிய வந்துதா, உள்ள போச்சா?"

யோசித்தேன். மூடியைத் தூக்கும்போது கையைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது நினைவுக்கு வந்தது. "உள்ளதாங்க போச்சு."

பாய் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "பஸ்சுக்கு வா."

அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது சின்னப்பனும் வாசலில் உட்கார்ந்திருந்தார். பாய் நேராக வண்டியிடம் போனார். ஜீப்பைக் கழுவச் சொல்லவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று வந்தார். மூடி முன்னால் நின்றார். கழற்றினார். நகத்தால் சுரண்டினார், ஊசியால் குத்தினார், விரலை மோந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒரே அடியாக விளங்கியது.

தம்பிகளுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த மூடியின் நடுவில் ஊசி போகிற அளவுக்கு ஒரு துளை உண்டு. பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் காற்று போவது அதன் வழியாகத்தான். அதை அடைத்துவிட்டால் கொஞ்ச தூரம் போனதும் உள்ளே வெற்றிடமாகிவிடும். பம்ப் எவ்வளவு உறிஞ்சினாலும் பெட்ரோல் வராது. சும்மா விட்டால் எங்காவது இடுக்கில் மெல்லக் காற்று கசிந்து போய், வண்டி எடுக்கும். பொட்டு வைக்கச் சரியான இடம் நடு மையம். துளையும் நடு மையம். காய்ந்த சந்தனம் குலுக்கலில் உதிர்ந்து புதன், வியாழனில் வழி விடும். நின்றதால் பூசை கூடியது. பூசை கூடியதால் நின்றது. தோட்டக்காரர் பொட்டு வைக்கிறவரில்லை, அவரிடம் நிற்கவில்லை. எங்களிடம் வந்தபோதெல்லாம் முதல் வேலையாக நான் அந்தச் சந்தனத்தைச் சுத்தமாகக் கழுவிவிட்டுத்தான் நோயைத் தேடியிருக்கிறேன்.

"என்னுங் பாய், மூடியவே பாக்கறீங்க?" என்றபடி சின்னப்பன் எழுந்து வந்தார்.

அம்மாவும் பாயின் விரலைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தால் பாதி புரிந்துவிட்டது போலிருந்தது. பாய் விரலை வேட்டியில் துடைத்தார்.

"மூடியில காத்துப் போற ஓட்ட அடைஞ்சிருக்குதுங்க."

"என்ன அடைச்சுது?"

"மலைத் தூசிங்க. பழைய வண்டியில்லீங்களா."

பாய் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். சின்னப்பனுக்கு உண்மை தெரிந்திருந்தால், நங்கையா தானே பொட்டு வைத்துத் தன் வண்டியை நிறுத்திய கதை மோகனூர்ச் சந்தை வரைக்கும் போயிருக்கும். அதற்கப்புறம் ஜீப் ஆகாயத்தில் பறந்தாலும் அம்மா தலைநிமிர்ந்து ஓட்டியிருக்க முடியாது.

சின்னப்பன் போன பிறகு அம்மா கேட்டார். "பாய், அப்ப இத்தன நாளும் நான்தான் இதோட மூச்சப் புடிச்சு அமுக்கீட்டு இருந்தனா?"

"பொட்டு வேண்டாம்னு சொல்லலீங்கம்மா. மூச்சு உடற எடத்துல வேண்டாம்."

"வாயின்னு நெனச்சு வெச்சேன் பாய்."

"மூக்கும் அதுதானுங்க."

அடுத்த வாரம் பாய் ஒரு வட்டப் பித்தளைத் தகட்டை வெட்டி, அரம் போட்டு, மினுக்கி, ஜீப்பின் பானெட்டில் நடுவாகப் பதித்துக் கொடுத்தார். "எவ்வளவு பெருசா வேணும்னாலும் இங்க வைங்க." ஐந்து வேளை தொழுகிற மனிதர் குங்குமப் பொட்டுக்கு இடம் அளந்து நின்றது இன்றும் என் கண்ணில் இருக்கிறது. மூடிக்குப் பொட்டு வைத்தவர்களில் நானும் ஒருவன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்திருக்கும்; அந்த வாரம் முழுக்க என்னிடம் எந்த மூடியையும் தரவில்லை.

ஆடி பதினெட்டு அன்று எங்கள் இருவருக்கும் அழைப்பு. ஆற்றுக்குப் போகிற பாதை அந்தப் பாலத்தைத் தாண்டித்தான். அம்மா ஓட்ட, பாய் பக்கத்தில். பின்னால் முளைப்பாரியோடு பெண்கள், நான், சின்னப்பன். சின்னப்பன் ஏறும்போதே வேட்டியை மடித்து இறுக்கிக் கட்டியிருந்தார். "எப்பிடியும் தள்ளோணுமில்ல" என்றார்.

கோயில் வளைவில் ஹாரன் அடித்தது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பாலம் வந்தது. பாலத்தின் நடுவே ஜீப் நின்றது.

எந்த நட்டை மாட்டாமல் விட்டேன் என்று யோசித்தேன். பழைய டால்டா டப்பா கண்ணில் ஆடியது. சின்னப்பன் ஒரே தாவில் குதித்து, பின்னால் போய்க் குனிந்து, இரண்டு கையாலும் தள்ளத் தொடங்கினார். "நான் சொல்லலீங்களா? அன்னைக்கே சொன்னேனே!"

அம்மா நிதானமாக இறங்கினார். முன்னால் போய், பித்தளைத் தகட்டில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார். வாய்க்காலைப் பார்த்துக் கும்பிட்டார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"எதுக்குங்க தள்ளறீங்க, கொழுந்தனாரே? அதுவா நிக்கல. நான்தான் நிறுத்துனேன்."

ஸ்டார்ட்டரை மிதித்தார். ஜீப் ஒரே உறுமலில் எடுத்தது.

"ஏறிக்கறீங்களா, நடந்தே வாறீங்களா?"

பின்னால் பெண்களின் சிரிப்பில் முளைப்பாரியெல்லாம் ஆடியது. நான் முன்னால் எட்டிப் பார்த்தேன். உசேன் பாய் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். துடைக்கவில்லை, துடைக்க முடியாமல் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. எத்தனை வருடம் எத்தனை விதமாக முயன்றிருப்பேன்! அந்த அம்மா ஒரே மிதியில் கிளப்பிவிட்டார்.